ஓ2 போட்டால் ஆர்டிடிஎஸ்சி கணக்கு ஏன் பூஜ்ஜியமாகிறது?

ஆர்டிடிஎஸ்சி (RDTSC) என்பது ப்ராசஸரின் நேர எண்ணியைப் படிக்கும் கட்டளை. நிரலுக்குள் அசெம்பிளி வரியாக அதை இரண்டு முறை எழுதி, வரும் எண்களைக் கழித்தால் ஓ0-வில் (கம்பைலர் மேம்படுத்தல் இல்லாமல்) சரியான எண், ஓ2-வில் (மேம்படுத்தலோடு) 0 வருகிறது என்கிறீர்கள். தப்பு கம்பைலரிடம் இல்லை. ஜிசிசி கம்பைலருக்கு உங்கள் அசெம்பிளி வரி வெறும் எழுத்துச் சரம். அதன் அர்த்தத்தை அது பார்ப்பதில்லை. நீங்கள் எழுதித் தரும் உள்ளீடு, வெளியீடு, க்ளாபர் (அந்த வரி வேறு எதையெல்லாம் அழிக்கும் என்ற) பட்டியலைத்தான் நம்புகிறது. இரண்டு வரியும் ஒன்றுபோல இருப்பதால், விடையும் ஒன்றுதான் என்று ஒரே தடவை ஓட்டிவிடுகிறது. அசெம்பிளி வரியில் வோலடைல் என்ற குறிச்சொல்லைச் சேர்த்தால் இது நிற்கும்.

இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. வெளியீடாக ஈஏஎக்ஸ் ரெஜிஸ்டரை (ப்ராசஸருக்குள் உள்ள சிறு சேமிப்பிடம்) மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். ஆர்டிடிஎஸ்சி மேல் 32 பிட்டை ஈடிஎக்ஸில் எழுதும். அதே ரெஜிஸ்டரில் கம்பைலர் உங்கள் லூப் எண்ணியை வைத்திருந்தால்? சத்தமில்லாமல் அழிந்துபோகும். இந்த வகைப் பிழை சில நாள் வராமலே இருக்கும், அதுதான் கொடுமை. ஈடிஎக்ஸையும் வெளியீடாகவே எடுங்கள்.

அப்புறம், வோலடைல் போட்டதால் சுற்றியுள்ள சாதாரண வரிகள் இடம் மாறாது என்று நினைக்காதீர்கள். மெமரி க்ளாபர் போட்டால் நினைவகத்தைப் படிப்பதும் அதில் எழுதுவதும் அந்த அசெம்பிளி வரியைத் தாண்டி நகராது. ரெஜிஸ்டரிலேயே முடியும் கணக்கு அப்போதும் நகரலாம். ப்ராசஸரே வரிசை மாற்றுவது தனிக்கதை, அதைத் தடுக்க எல்ஃபென்ஸ் (LFENCE) கட்டளை.

என்னைக் கேட்டால், ஆர்டிடிஎஸ்சிக்குத் தயாராக இருக்கும் இன்ட்ரின்சிக்கையே (கம்பைலரே தரும் ஃபங்ஷன்) கூப்பிடுவேன்.