என் கிணற்றை யாருக்காக அளந்தீர்கள்?

(ஆராய்ச்சியால் ஊருக்கு என்ன பயன் என்று கேட்டவர்களுக்கு, யாழ்ப்பாணத்தில் ஓய்வுபெற்ற இரசாயன விரிவுரையாளர் ஒருவர் எழுதிய பதில்கள்.)

முதுமாணி மாணவி, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி: சேர், ஓர் ஆய்வு பயனுள்ளதா என்று அறிய, அதைப் பிற ஆய்வுகள் எத்தனை முறை எடுத்துக்காட்டின என்ற மேற்கோள் எண்ணிக்கையைப் பார்க்கலாமா?

பார்க்க வேண்டாம் பிள்ளை. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு மருத்துவர் வேக்ஃபீல்ட் 1998 இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையை 2010 இல் அந்த இதழே மீளப்பெற்றது. அதை மேற்கோள் காட்டியவர்களில் மறுத்தவர்களே அதிகம். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அதுவும் பெரிய ஆய்வுதான். நான் கேட்பது வேறு: இந்த முடிவைக் கேட்டு யார், எதை மாற்றிச் செய்யப்போகிறார்?

கணித ஆசிரியர், நல்லூர்: அப்போ தூய கணிதம் வீணா?

இல்லை. தன் கணிதம் எதற்கும் உதவவில்லை என்று கணிதவியலாளர் ஹார்டி 1940 இல் எழுதினார். அவர் நேசித்த எண் கோட்பாட்டின் மேல்தான் 1977 இல், செய்திகளை இரகசியமாக அனுப்ப உதவும் ஆர்எஸ்ஏ மறைகுறியாக்கம் எழுந்தது. அதற்காக, "என் ஆய்வும் ஒருநாள் உதவும்" என்று கிணற்று நீரின் தரத்தை அளப்பவர் சாட்டுச் சொல்லக்கூடாது.

தோட்டக்காரர், கோப்பாய்: எங்கட கிணற்றில் மூன்று தரம் பெடியள் போத்தலில் தண்ணீர் அள்ளிக்கொண்டு போனவை. ஒருத்தரும் திரும்பி வரேல்லை.

அண்ணை, நானும் அப்படிப் போத்தலோடு போனவன்தான். எங்களுக்கு வற்றாத ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக்கல்லில் இறங்கித் தேங்குவதைத்தான் பெரும்பாலும் குடிக்கிறோம். தோட்டத்து யூரியாவும் மலசலகூடக் குழியும் அதே கல் வழியாக, நீரில் கரையும் நைத்திரேற்று என்ற உப்பாக இறங்குகின்றன. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். செம்மண் தோட்டப் பக்கத்துக் கிணறுகளில் அது கூடிக்கிடப்பது எங்களுக்குப் பழைய செய்தி. இன்னொரு மாணவர் இன்னும் 30 கிணறுகளை அளந்து அதையே எழுதினால் அவருக்குப் பட்டம் கிடைக்கும். எந்தப் பயிருக்கு எப்போது எவ்வளவு பசளையைக் குறைத்தால் விளைச்சல் விழாது என்று பார்த்தால், அது உங்களுக்கு.

பெயர் சொல்லாதவர்: ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளையும் அவை பெற்ற மேற்கோள்களையும் வைத்துக் கணிக்கும் எச்-சுட்டெண் நல்ல அளவுகோலா?

முதல் பதிலைப் படியுங்கள்.

ஆய்வு மாணவர், கொக்குவில்: கிணற்றுக்காரருக்குச் சொல்வது பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் வேலை. எங்கள் வேலை உண்மையைக் கண்டறிவது.

யாருக்குக் கண்டறிந்தீர்கள், தம்பி? அவர் வீட்டுக் கப்பியில் அவர் கயிற்றால் அள்ளினீர்கள். முடிவைத் துண்டில் எழுதிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும்.

அதே மாணவர்: அரைகுறையாகச் சொன்னால் சனம் பயந்துவிடும்.

அதனால்தான் அரைகுறையாகச் சொல்லாமல் தமிழில் முழுதாகச் சொல்லச் சொல்கிறேன். எதற்குப் பயப்பட வேண்டும் என்பதும் அதில் வரட்டும்.

இன்னொருவர்: இம்பாக்ட் ஃபாக்டர் கூடிய இதழில் வந்தால்?

ஐயோ. அது இதழின் கட்டுரைகள் பெறும் மேற்கோள்களின் சராசரி. உங்கள் கட்டுரையின் மதிப்பெண் இல்லை. இனி இந்த வகைக் கேள்விக்குப் பதில் கிடையாது.

தோட்டக்காரர், கோப்பாய்: தம்பியோடு சண்டை வேண்டாம் சேர். நாங்கள் கொதிக்க வைத்துத்தானே பேரப்பிள்ளைக்குப் பால்மா கரைக்கிறோம், பிழையில்லையே?

பிழை, அண்ணை. கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும். நைத்திரேற்று போகாது; நீர் வற்ற வற்ற அதன் செறிவு ஏறும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் சுமப்பதை அது குறைக்கும். பிள்ளைக்கு எத்தனை மாதம்? அளந்து பார்க்கும்வரை அந்தக் கிணற்று நீரில் பால்மா கரைக்க வேண்டாம். கொக்குவில் தம்பி, நாளைக்கு ஒரு போத்தலோடு அங்கே போங்கள். முடிவோடு திரும்பியும் போங்கள்.