வேதம் போதுமா? வாசகர் கேள்விகள்

தீமோத்தேயு 3:16-இன்படி வேதம் ஒன்றே போதும்தானே? (நாகர்கோவில் வாசகர்)

எந்தத் தீமோத்தேயு? பவுல் அவருக்கு எழுதிய நிருபங்கள் இரண்டு. 'வேதவாக்கியங்களெல்லாம் தேவ ஆவியினால் அருளப்பட்டது' என்கிற இரண்டாம் நிருபம் என்று எடுத்துக்கொள்கிறேன். முதல் நிருபத்தில் 3:16-ஐத் தேடினால் அதற்கு முந்தின வசனம் சபையைச் சத்தியத்தின் தூண் என்கிறது. கத்தோலிக்கர் உங்களுக்கு எதிராக எடுத்துவைப்பது அதைத்தான்! இரண்டாம் நிருபத்திலும் 15-ஐ விட்டுவிடாதீர்கள்: தீமோத்தேயு சிறுவயதில் கற்றது பழைய ஏற்பாடு. 16 முதலில் பேசுவதும் அதைப் பற்றித்தான். முன்னும் பின்னும் பத்து வசனம் படித்துவிட்டு எழுதுங்கள்.

'இவைகளோடு ஒன்றையும் கூட்டாதே' என்கிற வெளிப்படுத்தல் 22:18, வேதத்துக்கு வெளியே சபை வழிவழியாகக் காத்துவரும் பாரம்பரியத்தைத் தடுக்கிறதா?

இல்லை. அது அந்த ஒரு புத்தகத்தைப் பற்றிய எச்சரிக்கை.

தென்னிந்திய திருச்சபை என்ன சொல்கிறது?

மீட்புக்கு வேண்டியவை எல்லாம் வேதத்தில் அடங்கியிருக்கின்றன. விசுவாசத்துக்கு இறுதி அளவுகோலும் அதுவே. 1947-இல் ஒன்றிணைந்த சபையின் அமைப்புச் சட்டம் இது. ஆங்கிலிக்கரின், அதாவது இங்கிலாந்து சபையாரின், 39 விசுவாச விதிகளில் ஆறாவதன் வழிவந்தது. 'மீட்புக்கு வேண்டியவை' என்ற வரம்பைத் தாண்டி அதை இழுக்காதீர்கள்.

'திரித்துவம்' என்ற சொல்லே வேதத்தில் இல்லை. வசனம் காட்ட முடியுமா?

மாதம் நான்கு கடிதமாவது இப்படி வருகிறது. வேதம் போதும் என்று சொன்ன சீர்திருத்தச் சபைகள் எதுவும், ஒவ்வொரு போதனையும் ஒரே வசனத்தில் அச்சடித்துக் கிடக்கும் என்று சொன்னதில்லை. ஆறாம் விதி, வேதத்தில் வாசிக்கப்படுவதோடு வேதத்தால் நிரூபிக்கக்கூடியதையும் ஏற்கிறது. 1640-களில் இங்கிலாந்தில் எழுதப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையும் வேதத்திலிருந்து தவிர்க்கமுடியாதபடி பெறப்படும் முடிவை வேதபோதனையாகவே கொள்கிறது. இயேசுவே அப்படித்தான் வாதிட்டார். உயிர்த்தெழுதல் இல்லை என்ற சதுசேயருக்கு அவர் காட்டியது, எரியும் முட்செடியிலிருந்து தேவன் மோசேயோடு பேசிய நிகழ்ச்சி. "நான் ஆபிரகாமின் தேவன்" என்ற வாக்கில் உயிர்த்தெழுதல் என்ற பேச்சே இல்லை. தேவன் மரித்தோரின் தேவனல்ல, ஜீவனுள்ளோரின் தேவன் என்று இயேசு அதிலிருந்து வருவித்தார். ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் 325-இல் குமாரனைப் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்றபோது, குமாரன் படைக்கப்பட்டவர் என்று போதித்த ஆரியுவின் ஆட்களும் அந்தச் சொல் வேதத்தில் இல்லையே என்று உங்களைப் போலத்தான் முறையிட்டார்கள். குமாரனைக் குறித்து "அவர் இல்லாத ஒரு காலம் இருந்தது" என்ற அவர்கள் வாக்கியம் மட்டும் எந்த வேதத்தில் இருக்கிறது என்று அலெக்சந்திரியா ஆயர் அத்தனாசியு திருப்பிக் கேட்டார். வசனம் எங்கே என்று கேட்பவர்கள், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லும் மத்தேயு 28:19-ஐயும், 'அந்த வார்த்தை தேவனாயிருந்தது' என்கிற யோவான் முதல் அதிகாரத்தையும் சேர்த்து வைத்து ஒரு மாலைப்பொழுது யோசித்தால் எனக்குத் தபால் குறையும். முன்னும் பின்னும் பத்து வசனம்!

எவை வேதப் புத்தகங்கள் என்ற பட்டியல் வேதத்தில் இல்லையே? (கத்தோலிக்க வாசகர்)

நல்ல கேள்வி. இல்லைதான். புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களையும் அப்படியே வரிசைப்படுத்தி நமக்குக் கிடைக்கும் முதல் பட்டியல் 367-இல் அத்தனாசியு எழுதிய பாஸ்கா (ஈஸ்டர்) நிருபம். சபை பட்டியலை உண்டாக்கவில்லை, அடையாளம் கண்டுகொண்டது என்பது சீர்திருத்தச் சபைக்காரரான எங்கள் பதில். அது உங்களை முழுவதும் திருப்திப்படுத்தாது என்பதும் தெரியும். 1546-இல் கத்தோலிக்க சபையின் திரெந்து சங்கம் எழுதப்படாத பாரம்பரியத்தையும் வேதத்துக்குச் சமமாக மதித்தபோது இந்த இடைவெளியில்தான் காலூன்றியது.

ஆராதனையில் கிதார் வாசிக்க வேத ஆதாரம் உண்டா?

மீட்புக்குரிய விஷயம் அல்ல. சபைக் கமிட்டியில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். ஆர்கனுக்கு வசனம் கேட்டு இதுவரை யாரும் எனக்கு எழுதியதில்லை.