பானுமதியின் நிமிர்வு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சாவித்திரியின் வாழ்க்கை படமாக வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் பழைய நடிகைகளைப் பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது. பானுமதி என்று சொன்னால் போதும், “பெரிய திமிர் பிடிச்சவங்க. அதனாலதான் மிஸ்ஸம்மாவும் போச்சு, நாடோடி மன்னனும் போச்சு” என்பார் அப்பா. எனக்கோ அவரை ரொம்பப் பிடிக்கும். அப்பா சொல்வது சரிதானா?

ர.

அன்புள்ள ர.,

அப்பா சொல்லும் இரண்டுமே நடந்தவைதான். தெலுங்கு ‘மிஸ்ஸம்மா’வில் சில காட்சிகள் நடித்த பிறகு பானுமதிக்கும் தயாரிப்பாளர் சக்ரபாணிக்கும் பிணக்கு வந்தது, அந்த வேடம் சாவித்திரிக்குப் போனது. எம்.ஜி.ஆர். இயக்கிய ‘நாடோடி மன்னன்’ (1958) படத்திலிருந்தும் பாதியில் விலகினார். அவர் ஏற்றிருந்த பாத்திரம் இறந்துவிடுவதாகக் கதையை மாற்றினார்கள், பின்பாதிக்கு சரோஜாதேவி வந்தார். ஆனால் காரணம் திமிர் என்பதை நான் ஏற்க மாட்டேன்.

படப்பிடிப்பிலிருந்து எழுந்து போய்விட அன்று எத்தனை நடிகைகளால் முடிந்திருக்கும்? பானுமதியால் முடிந்தது, ஏனென்றால் அவருக்குப் போக இடமிருந்தது. கணவர் பி.எஸ்.ராமகிருஷ்ணாவோடு சேர்ந்து மகன் பரணியின் பெயரில் படக்கம்பெனி தொடங்கினார், பிறகு ஸ்டூடியோவும் கட்டினார். 1953இல் ‘சண்டிராணி’யைத் தமிழ், தெலுங்கு, இந்தி என மூன்று மொழியில் எடுத்தபோது இயக்கியதும் அவர், இரட்டை வேடத்தில் நடித்ததும் அவர். அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயதுகூட நிறையவில்லை. தமிழில் அவருக்கு முன்பே நடிகை டி.பி.ராஜலட்சுமி 1936இல் ‘மிஸ் கமலா’வை இயக்கியிருக்கிறார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும், அவரை நாம் இன்னும் அதிகமாக மறந்துவிட்டோம்.

இன்னொரு சொத்து குரல். ஒங்கோல் பக்கத்துக் கிராமத்தில் அப்பாவிடம் பாட்டுக் கற்றுக்கொண்ட பெண் அவர். 1939இல் ‘வரவிக்ரயம்’ படத்தில் அறிமுகமானதிலிருந்து தன் பாட்டைத் தானே பாடினார். ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) படத்தில் ‘மாசிலா உண்மைக் காதலே’ டூயட்டைக் கேளுங்கள். எம்.ஜி.ஆருக்கு ஏ.எம்.ராஜா பாடுகிறார், பானுமதிக்கு பானுமதியே. அந்த மூக்கோடு சேர்ந்த, கொஞ்சம் கனத்த குரலை இரவல் வாங்க முடியாது. வசனத்தில் இருக்கும் அதே அழுத்தம் பாட்டிலும் தொடர்வதால் பாத்திரம் எங்கும் உடையாமல் நிற்கிறது. அன்றைய கதாநாயகிகளிடமிருந்து அவரைத் தனியாக எடுத்து வைப்பது இதுதான் என்பேன்.

எம்.ஜி.ஆரோடு பகை என்று பேசுவதிலும் பாதிதான் உண்மை. நாடோடி மன்னனுக்குப் பிறகும் ‘ராஜா தேசிங்கு’, ‘கலை அரசி’, ‘காஞ்சித் தலைவன்’ என்று இருவரும் சேர்ந்து நடித்தார்கள். 1985இல் அரசு இசைக் கல்லூரியின் பொறுப்பு பானுமதியிடம் வந்தபோது முதலமைச்சராக இருந்தவரும் எம்.ஜி.ஆர்.தான். திமிர்க்காரியை யாரும் இப்படித் திரும்பத் திரும்பத் தேடி வர மாட்டார்கள்.

பானுமதி துணிச்சல்காரியாக மட்டும் நடித்தார் என்று எண்ணிவிடாதீர்கள். அண்ணாவின் கதையான ‘ரங்கோன் ராதா’வில் சொந்தக் கணவனே பைத்தியம் என்று முத்திரை குத்தும் மனைவி அவர். எதிரில் கணவனாக சிவாஜி, அதுவும் முழு வில்லனாக. அந்த மனிதரின் கண்ணும் குரலும் திரையை நிரப்பும்போதும் பானுமதி ஓரடி பின்வாங்குவதில்லை. ‘அன்னை’யில் (1962) தங்கை பெற்ற பிள்ளையை வளர்த்து, அவன் கைவிட்டுப் போய்விடுவானோ என்று அஞ்சி அஞ்சியே அவனை இறுக்குகிற தாய். அன்பே பிடிவாதமாகவும் பயமாகவும் மாறுவதை, பார்ப்பவர் கோபப்படவும் முடியாமல் கொண்டுபோகிறார்.

அப்பாவோடு உட்கார்ந்து ‘அன்னை’யைப் பாருங்கள். ‘பூவாகிக் காயாகி’ பாட்டு முடிந்த பிறகு அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.