பேர்ச் மீனை இழுக்கத் தீனிக் கலவையும் வாசனையும் எப்படிச் சேர்ப்பது? கொழும்பில் கிடைக்கும் சாமான்களில் செய்யலாமா?

கேள்வி இதுதான்: இங்கிலாந்து வீடியோக்களில் பேர்ச் பிடிக்கிறவர்கள் ஒரு மாவை உருண்டை பிடித்துத் தண்ணீருக்குள் எறிகிறார்கள், போத்தலில் இருந்து வாசனையும் ஊற்றுகிறார்கள். அந்த கிரவுண்ட் பெய்ட்டைக் கொழும்புச் சாமான்களால் செய்யலாமா, பொல்கொடை ஏரி போன்ற இடங்களில் பலன் தருமா?

செய்யலாம். ஆனால் எந்த மீனுக்கு என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வீடியோவில் வரும் பேர்ச், உடம்பில் கறுப்புப் பட்டையும் அடிச்செட்டையில் சிவப்பும் உள்ள ஐரோப்பிய மீன். குளிர்நாட்டு ஆறுகளிலும் குளங்களிலும் இருப்பது. கொழும்புத் தண்ணீரில் அது இல்லை. இங்கே ஆங்கிலத்தில் பேர்ச் என்று பெயர் எடுத்தது பனையேறிக் கெண்டை, சிங்களத்தில் காவய்யா. பொல்கொடைப் பக்கம் உவர்நீரில் கொடுவாவும் உண்டு. இந்த மூன்றுக்கும் தீனி போடும் முறை ஒன்றல்ல. ஒரே கலவையை எல்லா இடத்திலும் கொட்டுகிறதால்தான் பெரும்பாலானவர்களுக்குக் கைகூடுவதில்லை.

ஐரோப்பிய பேர்ச்சில் இருந்து தொடங்குகிறேன். அது மாவு தின்னும் மீன் அல்ல. கண்ணாலும், உடம்பின் பக்கக் கோட்டில் உணரும் அதிர்வாலும் இரை தேடும் வேட்டைக்கார மீன். பிறகு ஏன் மாவு? கரைந்து மேலெழும் தூளைத் தின்னச் சின்ன மீன்கள் கூடும், அந்த அசைவைக் கண்டு பேர்ச் வரும். வந்த இடத்தில் புழுத்துண்டும் புழுச்சாறும் இருந்தால் நிற்கும். ஆக, கலவையின் வேலை கூட்டம் சேர்ப்பது. வயிறு நிரப்புவது அல்ல. இதை மறந்து 2 கிலோ பாண் தூளைக் கொட்டினால் சின்ன மீன்கள் தின்று திரியும், தூண்டில் புழுவையும் அவையே கொத்திக் கொத்தித் தீர்த்துவிடும்.

அதனால் சத்துக் குறைந்த, கருநிறமான, சீக்கிரம் உடையும் கலவைதான் வேண்டும். வெளிர்நிறத் தீனி அடியில் வெள்ளைத் திட்டாகக் கிடந்தால், தெளிந்த தண்ணீரில் அதற்கு மேலே போகும் மீன் எடுப்பாகத் தெரியும். பேர்ச் நடமாடும் இடத்தில் சின்ன மீன் அந்தத் திட்டின் மேல் நிற்கப் பயப்படும்.

3 அல்லது 4 மணி நேரத்துக்கு 1 கிலோ காய்ந்த கலவை போதும். கடும் மண்ணிறமாகும் வரை வாட்டி இடித்த பாண் தூள் 450 கிராம். அரித்த மண் 400 கிராம். கபுக் எனும் செம்பூராங்கல் அரியும் இடத்தில் விழும் தூள் இதற்கு அருமையானது, பாரம் இருக்கிறது, களிபோல் ஒட்டாது. பசளை போட்ட பூந்தோட்ட மண் வேண்டாம். தேயிலைச் சக்கை 80 கிராம். சீனியும் பாலும் போகக் கழுவி, வெயிலில் காயவைத்தது. அது நிறத்தைக் கறுப்பாக்கும், நனைந்தால் தாழும், மீனுக்குச் சாப்பாடாகவும் ஆகாது. மிச்சம் 70 கிராமில் கூனி இறால் தூள் 50, மாசித் தூள் 20. பாணை வாட்டாமல் போட்டால் தண்ணீரில் ஊதிப் பஞ்சாகி மிதக்கும். அந்த வேலையில் சோம்பல் கூடாது. தும்புத் தூளும் கறுப்புத்தானே என்று சிலர் சேர்க்கிறார்கள். அது மிதந்து காற்றுப்போன பக்கம் போய்விடும், பின்னால் மீனும் போகும்.

நனைக்கிறதுதான் கைப்பழக்கம். சுமார் 350 மில்லிலீற்றர் தண்ணீரை மூன்று தரமாக ஊற்றுங்கள், ஒவ்வொரு தரமும் விரலை விரித்துக் கிளறுங்கள். முதல் இரண்டு தரம் ஊற்றியதும் 20 நிமிடம் மூடி வையுங்கள். பாண் தூள் மெல்ல மெல்லத்தான் உறிஞ்சும். அவசரப்பட்டு மிச்சத்தையும் ஊற்றினால் கால் மணி நேரத்தில் கூழாகிவிடும். கடைசியாகக் கொஞ்சம் தெளித்து, 3 மில்லிமீற்றர் கண் உள்ள கம்பி அரிதட்டில் ஒருதரம் தேய்த்து இறக்குங்கள். கட்டி உடைந்து புட்டுமா போல உதிரியாக வரும். புட்டுக் குழைத்த கைக்கு இந்தப் பதம் சொல்லித்தர வேண்டியதில்லை: பிடித்தால் பிடி நிற்கும், பெருவிரலால் அமத்தினால் உதிரும்.

கரையில் எறிவதற்கு முன் ஒரு கண்ணாடிப் போத்தலில் தண்ணீர் எடுத்து, பாக்களவு உருண்டை ஒன்றைப் போட்டுப் பாருங்கள். நேரே அடிக்குப் போய், விளிம்பில் இருந்து நூல்நூலாகத் தூள் எழும்பி, ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் பிளந்து குவியலாக வேண்டும். போகும்போதே சிதறினால் ஈரமோ அழுத்தமோ போதாது. ஐந்து நிமிடம் கழித்தும் உருண்டையாகவே கிடந்தால் ஈரம் கூடிவிட்டது அல்லது மண்ணில் களி இருக்கிறது. காய்ந்த பாண் தூள் ஒரு பிடி சேர்த்துத் திரும்ப அரியுங்கள்.

புழுவைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். 100 கிராம் மண்புழுவை ஒரு கோப்பையில் போட்டு, கத்தரிக்கோலால் அரை முதல் 1 சென்ரிமீற்றர் துண்டாக வெட்டுங்கள். அதைவிடச் சின்னதாக வெட்டினால் களியாகி, பொடிமீனுக்குத்தான் பந்தி. எறிகிற உருண்டைக்கு மட்டும் ஒரு தேக்கரண்டி புழு வைத்துப் பிடியுங்கள். முழுக் கலவையிலும் முன்கூட்டியே கலந்தால் புழுவின் வழுவழுப்பு மாவை ஒட்டவைத்துவிடும், வெயிலில் நாறியும் போகும்.

வாசனையில்தான் அதிகம் பேர் பிழை விடுகிறார்கள். நம் மூக்குக்கு மணப்பது வேறு, மீனுக்கு எட்டுவது வேறு. தண்ணீரில் கரைந்து வரும் பொருளைத்தான் மீன் அறியும். அமினோ அமிலங்கள் அதில் முக்கியமானவை. இறாலிலும் புழுவிலும் அவை தாராளம். அதனால் பேர்ச்சுக்குப் புழுச்சாறு, இறால், கிரில் (இறால் போன்ற சின்னக் கடலுயிர்) வகைகளே பொருத்தம். வனிலாவும் ஸ்ட்ரோபெரியும் மாவு தின்னும் மீன்களை இழுக்கலாம், வேட்டை மீனுக்கு அவற்றால் ஆவது குறைவு.

நம்மிடம் மாசி இருக்கும்போது வெளிநாட்டுப் போத்தலைத் தேடத் தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம். சூரையை அவித்து, புகை காட்டி, கல்லாகக் காயவைத்த சரக்கு அது. 30 கிராம் மாசியை இடித்து, 350 மில்லிலீற்றர் சுடுநீரில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். முழுக்க ஆறியதும் வடித்து, அந்தத் தண்ணீராலேயே கலவையை நனையுங்கள். அப்படிச் செய்தால் மேலே சொன்ன மாசித் தூளைப் பாதியாக்கலாம். மிளகாய், உப்புப் பிரட்டிய சம்பல் மாசி வேண்டாம். போத்தல் வாசனைதான் என்றால் போத்தலில் எழுதியிருக்கும் அளவில் பாதியில் தொடங்குங்கள், மாவில் நேரே ஊற்றாமல் நனைக்கும் தண்ணீரில் கலந்துவிடுங்கள். நேரே ஊற்றினால் ஒரு கட்டி முழுக்க வாசனையாகவும் மற்றது வெறும் மாவாகவும் நிற்கும். அளவு மிஞ்சினால் மீன் விலகும். எண்ணெயில் செய்த வாசனை குளிர்ந்த தண்ணீரில் இறுகிக் கலவையைவிட்டுப் பிரியாது. இங்கே அது இளகி வரும், ஆனால் மேலே மிதக்கும். அடியில் நிற்கும் மீனுக்குப் பயனில்லை.

எறிய வேண்டிய இடம் வேர், பாலக்கால், கோரைப்புல் விளிம்பு, நிழல் முடிகிற கோடு. பதுங்கி நிற்க இடமில்லாத திறந்தவெளியில் எவ்வளவு நல்ல கலவையும் வீண். முதலில் தேசிக்காயளவு உருண்டை மூன்று, ஒரே இடத்தில். பிறகு 20 நிமிடத்துக்கு ஒன்று, அதுவும் கொத்துக் குறைந்தால்தான். பொடிமீன் கூடி, திடீரென ஒன்றும் கொத்தாமல் அடங்கினால் தீனி போடாதீர்கள்; பெரும்பாலும் பெரியது வந்து நிற்கிறது என்றுதான் அர்த்தம்.

தூண்டிலில் முழு மண்புழு அல்லது தோல் உரித்த பச்சை இறால் துண்டு, 6 அல்லது 8ஆம் இலக்க முள். பேர்ச் வாயில் எடுத்தபின் இழுவை தெரிந்தால் துப்பிவிடும், அதனால் தக்கை மெல்லியதாகவும் ஈயம் மட்டாகவும் இருக்க வேண்டும். தக்கை ஒரு தரம் நடுங்கும், இரண்டு தரம் அமுங்கும், பிறகு பக்கவாட்டில் நழுவும். நழுவும் அந்த நேரத்தில் தங்கூசியை இறுக்குங்கள். அது முழுக்க மறையட்டும் என்று காத்திருந்தால் முள் தொண்டைக்குள் போய்விடும், விடுகிற மீனும் பிழைக்காது. லண்டனில் இருக்கும் உறவுக்காரருக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதானால் இன்னும் மூன்று விஷயம்: இங்கிலாந்தில் தூண்டில் போட உரிமம் வேண்டும், ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை பேர்ச் போன்ற மீன்களுக்குத் தடை, சின்ன ஈயக்குண்டுகள் 1987 முதல் தடைசெய்யப்பட்டவை.

இனி நம் தண்ணீர். பனையேறிக் கெண்டை காற்றையும் சுவாசிக்கும் மீன், கரையோரச் செடிக்குள், முழங்கால் ஆழத்தில்கூட நிற்கும். அதற்குக் கனமான உருண்டை வேண்டாம், 'தொப்' என்ற சத்தத்திலேயே ஓடிவிடும். மண்ணைப் பாதியாக்கி, கோலிக்குண்டளவு பிடித்து, செடி விளிம்பில் மெல்ல விடுங்கள். புழு நன்றாக எடுக்கும், முசுறு முட்டையும் நல்ல இரை. முள் 10 அல்லது 12. அதன் செவுள் மூடியில் வாள்போலப் பற்கள் இருக்கின்றன, ஈரத்துணியால் பிடியுங்கள். சதுப்புத் தண்ணீரில் கைகீறினால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றும்.

கொடுவாவிடம் பேர்ச்சின் கணக்கு அப்படியே பொருந்தும். மாவைத் தொடாது, ஆனால் மாவுக்குக் கூடும் பொடிமீனைத் தேடி வரும். தீனி போட்ட இடத்தில் நடுவே அல்ல, விளிம்பில் உயிர் இரையையோ செயற்கை மீனையோ ஓட்டுங்கள்.

1952இல் இலங்கைக்குக் கொண்டுவந்த திலாப்பியா இதற்கு நேரெதிர். அது மாவையே தின்னும். அதற்கு மண் இல்லாமல் பாண் தூள் 400, தவிடு 400, தேங்காய்ப் புண்ணாக்கு 200 கிராம், இரண்டு பல்லு உள்ளி அரைத்த தண்ணீர். புண்ணாக்கை அதற்கு மேல் கூட்டினால் நம் வெக்கையில் அரை நாளில் புளித்துவிடும். புளித்த வாடை வந்த கலவையைத் தண்ணீரில் போடாமல் மண்ணில் புதையுங்கள்.

பேர வாவியில் தீனிக் கலவையே போட வேண்டாம். ஏற்கெனவே கழிவும் பாசியும் மண்டிப் பச்சையாகக் கிடக்கும் தண்ணீர். அழுகும் மாவு மிச்ச ஒட்சிசனையும் தின்றுவிடும். அங்கே பிடித்த மீனைச் சாப்பிடவும் கூடாது. தியவன்னா வாவியில் பாராளுமன்றத்தைச் சுற்றிப் பாதுகாப்பு வலயம் இருக்கிறது, அந்தப் பக்கம் தூண்டிலோடு போகாதீர்கள். தலங்கம ஈரநிலம் பாதுகாக்கப்பட்ட பகுதி, அங்கேயும் தீனி கொட்டக் கூடாது.

மாசி வாளியைத் திறந்து வைக்காதீர்கள், கபரகொயா (நீர் உடும்பு) மணம் பிடித்துக் கரையேறி வரும். பொல்கொடையில் முதலையும் உண்டு. மீனைக் கரையிலேயே வெட்டிக் குடலைத் தண்ணீரில் வீசுவது அதைக் கூப்பிடுவதற்குச் சமம். மிஞ்சிய கலவையைப் புழு சேராமல் பையில் கட்டிக் குளிர்சாதனப்பெட்டியின் உறைபகுதியில் வைத்தால் ஒரு மாதம் கிடக்கும். எடுத்ததும் உருகவிட்டு, இன்னொருதரம் அரித்துப் பாவியுங்கள்.