எல்லை தாண்டும் புகையிலை: தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

புகையிலைக்கு எதிராக உலக நாடுகள் கூடி எடுக்கும் முடிவுகளால் நம் ஊருக்கு என்ன பயன் என்று இரு மாவட்ட வாசகர்கள் கேட்டிருந்தனர். சுகாதார ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் அளித்த பதில்கள் இவை.

ஓசூரிலிருந்து ஓர் ஆலைத் தொழிலாளி: ஐயா, குட்காவுக்குத் தடை இருந்தும் ஜூஜூவாடி சோதனைச் சாவடியில் அடிக்கடி பிடிபடுகிறது. நம் மாநிலத் தடையே இப்படி இருக்கும்போது உலக ஒப்பந்தம் என்ன சாதிக்கும்?

தமிழ்நாட்டில் 2013 மே மாதம் முதல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் குட்காவுக்குத் தடை இருக்கிறது. ஆனால் கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டி வரும் சரக்கு வண்டியில், காய்கறி மூட்டைகளுக்கு அடியில் கிடக்கும் பொட்டலத்துக்கு மாநில எல்லை ஒரு பொருட்டே அல்ல. கர்நாடகமும் அதே ஆண்டில் குட்காவைத் தடை செய்தது; எனினும் பான் மசாலாவைத் தனியாகவும் புகையிலையைத் தனியாகவும் விற்று, வாங்குபவரையே கலந்துகொள்ளச் செய்யும் தந்திரம் நாடெங்கும் தலையெடுத்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் மட்டும் கதவடைப்பதால் பயன் பாதிதான் என்பதை நம் மாவட்டத்துக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நாடுகளுக்கிடையிலும் சிக்கல் இதுவே. அதனால்தான் உலக சுகாதார அமைப்பின் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் 2003 மே மாதம் ஏற்கப்பட்டு, 2005 பிப்ரவரி 27 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2004-இலேயே இதை உறுதிசெய்தது. இன்று 183 தரப்புகள் இதில் உள்ளன. கள்ளக் கடத்தலைத் தடுப்பதற்கென்று இதன்கீழ்த் தனி நெறிமுறை (துணை ஒப்பந்தம்) ஒன்று 2012-இல் சியோலில் ஏற்கப்பட்டு, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா அதிலும் சேர்ந்துள்ளது. ஆலையிலிருந்து புறப்படும் ஒவ்வொரு பெட்டிக்கும் தனி அடையாளக் குறி இட்டு, பிடிபட்ட சரக்கு எங்கே தயாராகி எந்த வழியாக வந்தது என்பதை நாடுகள் ஒன்றுக்கொன்று தெரிவித்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். சாவடியில் ஓட்டுநரைப் பிடிப்பதோடு வழக்கு முடிந்துவிடாமல், சரக்கை அனுப்பியவரைத் தேடிச் செல்ல வேண்டுமானால் இத்தகைய ஏற்பாடு இன்றியமையாதது.

காரிமங்கலத்திலிருந்து ஓர் ஆசிரியை: பெரிய நிறுவனங்கள் வழக்குப் போட்டால் சிறிய நாடுகள் என்ன செய்ய முடியும்?

உருகுவே நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 34 லட்சம்; 2011 கணக்கெடுப்பின்படி தருமபுரியையும் கிருஷ்ணகிரியையும் கூட்டினால் வரும் அளவேதான். அந்நாடு சிகரெட் பெட்டியின் 80 சதவீதப் பரப்பில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்றும், ஒரே வணிகப் பெயரில் பல வகைகளை விற்கக் கூடாது என்றும் விதித்தது. பிலிப் மோரிஸ் என்ற சிகரெட் நிறுவனம் முதலீட்டு ஒப்பந்தம் ஒன்றைக் காட்டி 2010-இல் பன்னாட்டு நடுவர் மன்றத்துக்குச் சென்றது. உலக சுகாதார அமைப்பும் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தின் செயலகமும் நடுவர்களிடம் தங்கள் கருத்தை எழுத்தாக அளித்தன. வழக்குச் செலவுக்கு அமெரிக்க அறக்கட்டளை ஒன்று கைகொடுத்தது. 2016 ஜூலையில் நிறுவனத்தின் கோரிக்கை தள்ளுபடியானதோடு, உருகுவேயின் செலவுக்காக 70 லட்சம் டாலர் கட்டும்படியும் ஆணையாயிற்று. தனியே நின்றிருந்தால் அந்நாடு வழக்கின் செலவுக்கே அஞ்சி விதியைத் தளர்த்தியிருக்கக்கூடும் என்பது என் கருத்து. ஒப்பந்தத்தின் 5.3 ஆம் பிரிவு, சுகாதாரக் கொள்கை வகுப்பதில் புகையிலைத் தொழிலின் தலையீட்டை அரசுகள் தடுக்க வேண்டும் என்கிறது. மற்றப் பிரிவுகளெல்லாம் இதன் பலத்தில்தான் நிற்கின்றன.

பாலக்கோட்டிலிருந்து ஒரு பெட்டிக்கடைக்காரர்: சில்லறையாக ஒன்றிரண்டு சிகரெட் விற்பது தவறா?

நம் மத்தியச் சட்டம் அதை நேரடியாகத் தடுக்கவில்லை. ஆனால் உலக ஒப்பந்தத்தின் 16 ஆம் பிரிவு தடுக்க முயலுமாறு கேட்கிறது. காரணம் எளிது: 2016 ஏப்ரல் முதல் பெட்டியில் 85 சதவீதப் பரப்பை எச்சரிக்கை நிறைத்திருந்தாலும், ஒற்றைச் சிகரெட் வாங்குபவர் அந்தப் படத்தைப் பார்ப்பதே இல்லை, பையில் பத்து, இருபது ரூபாய் வைத்திருக்கும் சிறுவனுக்கும் அது எட்டிவிடுகிறது. பதினெட்டு வயது நிறையாதவருக்கு விற்பதும், பள்ளி, கல்லூரியிலிருந்து நூறு கஜத்துக்குள் விற்பதும் ஏற்கெனவே குற்றம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: டீக்கடைத் தூணில் நுனி கனன்றபடி தொங்கும் கயிறு பார்வைக்குச் சாதாரணம்தான், ஆனால் புகைபிடிக்கத் தடையுள்ள பொது இடத்தில் தீப்பெட்டி, லைட்டர், சாம்பல் கிண்ணம் போன்றவற்றைத் தரக் கூடாது என்று 2008 விதிகள் கூறுகின்றன. அந்தக் கயிற்றையும் அவிழ்த்துவிடுங்கள்.

ஊத்தங்கரையிலிருந்து ஒரு வாசகி: குடியாத்தத்தில் என் அத்தை பீடி சுற்றித்தான் பிள்ளைகளைப் படிக்கவைத்தார். பீடியை ஒழித்தால் அவர்கள் கதி என்ன?

நியாயமான கேள்வி, இதைக் கேட்காமல் நடக்கும் பிரசாரம் எனக்கு உவப்பானதல்ல. ஒப்பந்தத்தின் 17 ஆம் பிரிவு, புகையிலை பயிரிடுவோருக்கும் தொழிலாளருக்கும் சிறு விற்பனையாளருக்கும் மாற்றுப் பிழைப்பை வளர்க்குமாறு அரசுகளைக் கேட்கிறது. நடைமுறையில் மிகப் பின்தங்கிய பிரிவு இதுதான். மடியில் முறத்தை வைத்து, இலையை வெட்டித் தூள் நிரப்பிச் சுருட்டி நூல் கட்டும் பெண்ணுக்குக் கூலி ஆயிரம் பீடிக் கணக்கில்தான். அந்தத் தூளை நாள் முழுதும் சுவாசிப்பவரும் அவரே. எனவே பீடி மீதான வரியை உயர்த்தும்போது, அதில் ஒரு பங்கை அவர்களின் மாற்றுத் தொழிலுக்கென்றே ஒதுக்க வேண்டும். 2017-இல் சரக்கு, சேவை வரி வந்தபோது சிகரெட்டுக்கு இழப்பீட்டு வரி என்ற கூடுதல் வரியை விதித்து, பீடிக்கு அதிலிருந்து விலக்களித்தனர். தொழிலாளரைக் காப்பதற்கு என்று சொல்லப்பட்டது. கூலி உயரவேண்டிய இடத்தில் விலை மலிவாகவே நின்றது. பீடியில் கேடு குறைவு என்பதும் தவறான நம்பிக்கை.

தருமபுரியிலிருந்து ஒரு மாணவர்: அமெரிக்கா இதில் இருக்கிறதா?

2004-இல் கையெழுத்திட்டது, ஆனால் அதற்குக் கட்டுப்படுவதாக இன்றுவரை உறுதிசெய்யவில்லை. இந்தோனேசியா கையெழுத்தே இடவில்லை.

பென்னாகரத்திலிருந்து ஒருவர்: என் தந்தை விட விரும்புகிறார், முடியவில்லை. என்ன வழி?

மனவலிமை மட்டும் போதாது என்பதால்தான் ஒப்பந்தத்தின் 14 ஆம் பிரிவு சிகிச்சையையும் அரசின் கடமையாக்குகிறது. 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணை அழைத்தால் ஆலோசனை கிடைக்கும். நிகோடின் சூயிங்கம் உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே உள்ளது. ஆயினும் இதய நோயோ சர்க்கரையோ இருந்தால் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். முதல் சில நாள்களில் எரிச்சலும் தூக்கமின்மையும் வரும். அந்த நாள்களில் வீட்டார் அவரிடம் வாக்குவாதம் செய்யாமல் இருப்பது நல்லது.