இலை கொட்டிய கறிவேப்பிலைச் செடி

செடி பெரும்பாலும் சாகவில்லை, பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். கனடாவின் ஒன்டாரியோவில் உள்ள உங்கள் பண்ணை வீட்டில், குளிருக்குப் பயந்து தொட்டியை உள்ளே எடுத்து வைத்த பிறகு கறிவேப்பிலை முழுவதும் மஞ்சளாகிக் கொட்டிவிட்டது என்கிறீர்கள். வெளிச்சமும் வெப்பமும் குறையும்போது அது இலையுதிர்த்து உறங்குவது இயல்புதான். இலையற்ற செடி நீரை அதிகம் உறிஞ்சாது என்பதால், கோடையில் ஊற்றிய அளவிலேயே இப்போதும் ஊற்றினால் வேர் அழுகிவிடும். என் முதல் செடியை நான் அப்படித்தான் இழந்தேன்.

தண்டின் அடிப்பகுதியை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால், தெற்குப் பார்த்த சன்னலருகே வைத்து, மேல்மண் இரண்டு விரற்கடை ஆழம் காய்ந்த பின்பே நீர் விடுங்கள். துளிர் வரும்வரை புளித்த மோரோ உரமோ வேண்டாம்.

அடித்தண்டு பழுப்பாகி, மண்ணிலும் அழுகல் வாடை வீசினால் இந்த வழி பயன்படாது.