கிறிஸ்தவப் பெற்றோராக, அன்றாடம் நடக்கும் தற்செயல்களில் கடவுளின் பராமரிப்பைக் காண்கிறீர்களா?

காண்கிறேன். ஆனால் அதைச் சொல்லும்போது முன்பு இருந்த சத்தம் இப்போது குரலில் இல்லை.

பத்து வருடத்துக்கு முன் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் ஒரு பட்டியலே தந்திருப்பேன். உடுப்புக் காயப்போட்ட அன்று மழை வராதது, மகனுக்குப் படித்த கேள்வியே பரீட்சையில் வந்தது, கொழும்பின் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறியவுடன் ஓர் இருக்கை காலியானது, எல்லாவற்றுக்கும் ஒரு ஸ்தோத்திரம். எங்கள் வீட்டுப் பழக்கம் அது. அதே இருக்கைக்காக எனக்கு முன்பிருந்தே நின்றுகொண்டிருந்த பெண்ணும் ஜெபித்திருப்பாளோ என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

2017ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு ஞாயிறு. அந்த வருடம் இலங்கையில் டெங்கு எப்படி ஆடியது என்பது இங்கே இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய், நானூறுக்கும் மேற்பட்ட மரணங்கள். எங்கள் மகளுக்கு அப்போது ஆறு வயது. மூன்று நாளாகக் காய்ச்சல் அனலாக அடித்தது. நாலாம் நாள், ஞாயிறு காலையில், நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் காய்ச்சல் விட்டிருந்தது. ஆராதனைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். போதகர் ஐயா முன்னால் அழைத்து, தலையில் கைவைத்து நன்றி செலுத்தினார். நான் அழுதேன்.

பின்னேரம் பிள்ளையை அம்மம்மாவிடம் காட்டுவதற்காகக் கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டேன். கணவர் வேலை விஷயமாகக் குருநாகல் போயிருந்தார். வெள்ளவத்தைத் தரிப்பிடத்துக்கு வந்தபோது என் செருப்பின் வார் அறுந்தது. பஸ் கண்முன்னே போயிற்று. பக்கத்துக் கடையில் ஊசி வாங்கிக் குத்தி, இழுத்து இழுத்து நடந்து, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே அடுத்த பஸ்ஸில் ஏறினேன். ஒரு சிங்களப் பெண்மணி நகர்ந்து இடம் கொடுத்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மடியில் ஒரு பை, அதற்குள் கீரைக்கட்டு. பம்பலப்பிட்டி கடந்ததும் என் மகளின் கையைச் சும்மா பிடித்தார், குழந்தைகளைக் கண்டால் யாரும் பிடிப்பதுபோலத்தான். பிடித்த கையை விடவில்லை. மணிக்கட்டைத் தடவினார். பிறகு குனிந்து பாதத்தைத் தொட்டார். "துவகே அத சீதலய்" என்றார். பிள்ளையின் கை குளிர்ந்திருக்கிறது என்று. எத்தனை நாள் காய்ச்சல், எப்போது விட்டது, வயிறு நோகிறது என்றாளா, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தாள் என்று கேள்விகள் அடுக்கடுக்காக வந்தன. அவர் ஓய்வுபெற்ற தாதி. டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம், இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிய ஆரம்பிப்பது அப்போதுதான் என்று அந்த பஸ் இருக்கையில் வைத்துத்தான் எனக்குத் தெரியவந்தது. "நாளைக் காலை வரை வைத்திருக்காதே" என்றார். கொள்ளுப்பிட்டியில் அவரே மணியை அடித்து எங்களை இறக்கி, தானும் இறங்கி, முச்சக்கர வண்டியை மறித்து, சாரதியிடம் பொரளைச் சிறுவர் வைத்தியசாலைக்கு என்று சொல்லி ஏற்றிவிட்டார். பெயரைக் கேட்க மறந்துபோனேன். கீரைக்கட்டு மட்டும் நினைவில் நிற்கிறது.

மகள் பிழைத்தாள். இப்போது அவளுக்கு மூச்சுவிடாமல் கதைக்கும் வயது.

இந்த இடத்தில் "பார்த்தீர்களா, செருப்பை அறுத்தவர் யார்?" என்று கேட்டுப் பதிலை முடித்துவிடலாம். சபையில் சாட்சி சொன்னபோது நானும் அப்படித்தான் முடித்தேன். ஆனால் அன்று இரண்டு விஷயங்களை விழுங்கிவிட்டேன்.

முதலாவது, அன்று காலையில் நாங்கள் நன்றி சொன்ன விஷயம். காய்ச்சல் விட்டதை ஜெபத்துக்குக் கிடைத்த பதில் என்று எடுத்துக்கொண்டோம். உண்மையில் பிள்ளை எங்கள் கையைவிட்டு வழுக்கிக்கொண்டிருந்தது அந்த நேரத்தில்தான். செருப்பு அறுந்ததற்கோ நான் எரிந்து விழுந்தேன். ஒரே நாளில் இரண்டு அடையாளங்கள், இரண்டையும் தலைகீழாக வாசித்திருக்கிறேன். அந்தந்த நேரத்தில் தேவனுடைய கையெழுத்தைப் படித்துவிடுவேன் என்ற தைரியம் அன்றோடு போனது. தேவன் கடந்துபோன பிறகே "என் பின்பக்கத்தைக் காண்பாய்" என்று மோசேக்குச் சொல்லப்பட்டதன் பொருள் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, பக்கத்துக் கட்டில்.

டெங்கு வார்டில் தாய்மாருக்கு ஒரு வேலை இருக்கிறது. பிள்ளை குடிப்பதையும் வெளியேற்றுவதையும் மில்லிலீற்றர் கணக்கில் அளந்து தாளில் எழுத வேண்டும். நீர் குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு. முதல் இரவே என்னுடைய அளவுக் கோப்பை கீழே விழுந்து வெடித்துவிட்டது. பக்கத்துக் கட்டிலில் எட்டு வயதுப் பையன் ஒருவன். அவனுடைய தாய் தன் கோப்பையைத் தந்தார். இரண்டு பேரும் மாறி மாறிக் கழுவிப் பாவித்தோம். அவர் கத்தோலிக்கர். தலையணையில் அந்தோனியார் பதக்கம் ஒன்றை ஊசியால் குத்தியிருந்தார். இரவெல்லாம் செபமாலை. நான் சங்கீதம், அவர் மங்கள வார்த்தை, இரண்டுக்கும் நடுவில் அந்தக் கோப்பை. இரண்டாம் இரவு பையனைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் காலையில் அந்தத் தாய் சுடுதண்ணீர்ப் போத்தலையும் துவாயையும் எடுக்க, பையன் இல்லாமல் வந்தார். கூட வந்த உறவினரின் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. கோப்பை என் கையில் இருந்தது. நீட்டினேன். "வைத்திருங்கோ" என்றார். அவ்வளவுதான். அடுத்த அரைமணித்தியாலத்தில் அதே கோப்பையில்தான் என் பிள்ளைக்குத் தண்ணீர் அளந்தேன்.

சபையில் சொன்ன சாட்சியில் இந்தக் கோப்பை வரவே இல்லை. வந்திருந்தால் யாரும் கைதட்டியிருக்க மாட்டார்கள்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பு ஹோட்டல்கள், எல்லாவற்றிலும் தற்கொலைக் குண்டுகள். 260க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மட்டக்களப்பில் ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகள். அடுத்த கிழமைகளில் கொழும்பு முழுவதும் சாட்சிகள் உலவின. பிள்ளை அடம்பிடித்ததால் பூசைக்குப் பிந்தினோம், தப்பினோம். வண்டி பழுதானது, தப்பினோம். அவர்கள் பொய் சொல்லவில்லை. என் செருப்பைப் போன்றதுதான் அவர்களுடைய வண்டியும். நன்றி சொல்லாமல் இருக்க முடியுமா? ஆனால் அன்று இருக்கை பிடிக்க வேண்டும் என்று நேரத்தோடு போன குடும்பங்கள் இருந்திருக்கும். பிள்ளைகளை அதட்டி எழுப்பி, புது உடுப்புப் போட்டுக் கூட்டிக்கொண்டு போன தாய்மார். அவர்கள் காதில் விழும்படி இந்தச் சாட்சியைச் சொல்ல முடியுமா என்று நான் யோசிக்க ஆரம்பித்தேன். அவர்களுக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்ல முடியாத நன்றியில் ஏதோ கோணல் இருக்கிறது என்பது என் எண்ணம். சீலோவாமிலே கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரைப் பற்றி இயேசு கேட்டதும் இந்த இடத்தைத் தொட்டுத்தான். எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று கேட்டார். தப்பியவர்களைப் பார்த்து "நீங்கள் விசேஷமானவர்கள்" என்று அவர் சொல்லவில்லை.

அப்படியானால் பராமரிப்பு என்பதே மனப்பிரமையா என்று கேட்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடைக்கலான் குருவி வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம்முடைய தமிழ் வேதாகமத்தில் "உங்கள் பிதாவின் சித்தமில்லாமல்" ஒன்றாகிலும் தரையிலே விழாது என்று இருக்கிறது. கிரேக்க மூலத்தில் "சித்தம்" என்ற சொல் இல்லை, "உங்கள் பிதா இல்லாமல்" என்று மட்டும்தான். குருவி விழுகிறது. தனியாக விழவில்லை. பக்கத்துக் கட்டிலை நினைக்கும்போது எனக்குப் பிடித்துக்கொள்ள இருப்பது இவ்வளவுதான். என்னுடைய கட்டிலுக்கும் அதே பிதாதான், அந்தக் கட்டிலுக்கும் அதே பிதாதான்.

தமிழில் நமக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. ஆபிரகாம் மகனிடம் "தேவன் தமக்குத் தகனபலிக்கான ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கொள்வார்" என்கிறார். பார்த்துக்கொள்வார். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த என் அம்மா அரிசிப்பானை காலியாக இருந்த நாட்களிலும் இந்த ஒரு சொல்லைத்தான் சொல்வார். பார்க்கிறார் என்பதும் கவனிக்கிறார் என்பதும் அதற்குள் ஒன்றாக இருக்கின்றன. ஒரு தகப்பன் தன் பிள்ளைக்குச் சொன்ன சொல் அது. அந்தப் பிள்ளையோ "ஆட்டுக்குட்டி எங்கே?" என்று கேட்ட பிள்ளை.

பிள்ளைகள் கேட்பார்கள். என் மகள் எட்டு வயதில் கேட்டாள்: "செருப்பைக் கடவுள் அறுத்தார் என்றால், நுளம்பை யார் அனுப்பியது?" மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியை வைத்துவிட்டு யோசித்தேன். பதில் வரவில்லை. "தெரியாது பிள்ளை" என்றேன். ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியையாக இருந்துகொண்டு அப்படிச் சொல்லலாமா என்று கணவருக்குக் குறை. ஆனால் அன்றிரவே வேதாகமத்தில் "தற்செயல்" என்ற சொல்லைத் தேடிப் பார்த்தோம். ரூத் தற்செயலாய்ப் போவாசின் வயலுக்குப் போகிறாள், அது எல்லோருக்கும் தெரியும். இன்னோர் இடம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நல்ல சமாரியன் கதை. "தற்செயலாய் ஒரு ஆசாரியன் அந்த வழியே வந்து, அவனைக் கண்டு, பக்கமாய் விலகிப்போனான்."

தற்செயல் வந்தது. ஆசாரியனின் உருவத்தில் சரியான நேரத்துக்கு வந்தது. வந்து, விலகிப் போய்விட்டது. அந்தத் தாதியும் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கீரைக்கட்டோடு தன் தரிப்பிடத்தில் இறங்கிப் போயிருக்கலாம். செருப்பு அறுந்தும் ஒரு பலனும் இருந்திருக்காது. அவர் பௌத்தராக இருப்பார் என்று நினைக்கிறேன், கழுத்தில் சிலுவை இல்லை, கையில் பிக்குகள் ஓதிக் கட்டும் பிரித் நூல் இருந்தது. என் ஜெபத்துக்கான பதில் பிரித் நூல் கட்டிய கையாக வந்ததைச் சபையில் சிலர் அவ்வளவாக ரசிக்கவில்லை. அதை விடுங்கள்.

அன்றுமுதல் வீட்டில் "செருப்பு" என்பது ஒரு குழூஉக்குறியாகிவிட்டது. எரிச்சலூட்டும் தடங்கல் ஏதாவது வந்தால் பிள்ளைகள் "செருப்பு" என்பார்கள். சுற்றிப் பார், யாராவது இருக்கிறார்களா என்று அர்த்தம். பெரும்பாலும் யாரும் இருப்பதில்லை. வெறும் தடங்கல்தான்.

2022 மே மாதக் கடைசி. மகனுக்குச் சாதாரண தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. பெற்றோல் வரிசைகள் காலி வீதியில் வளைந்து நெளிந்து நின்ற காலம். எங்கள் பழைய காரில் கொஞ்சம் பெற்றோல், பரீட்சை முடியும்வரை மகனை ஏற்றி இறக்கவென்று கணவர் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். இரவு பதினொரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. தொடர்மாடியின் கீழ்த்தளத்துக்குப் புதிதாக வந்திருந்த முஸ்லிம் பெண், தோளில் மூன்று வயதுப் பிள்ளை. பிள்ளைக்கு இழுப்பு, விலா எலும்புக்கு இடையில் தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. ஒரு முச்சக்கர வண்டியும் கிடைக்கவில்லை என்றார். எனக்கு முதலில் வந்த நினைப்பைச் சொல்லிவிடுகிறேன்: மூன்றாம் மாடியிலும் கார் இருக்கிறதே. "மேலே கேட்டுப் பார்த்தீர்களா?" என்ற வாக்கியம் வாய்வரை வந்துவிட்டது.

பின்னால் மகள் நித்திரைக் கண்ணோடு நின்றிருந்தாள். "அம்மா, செருப்பு" என்றாள்.

களுபோவில வைத்தியசாலைக்குப் போய்வர அந்தப் பெற்றோலில் பெரும் பகுதி போயிற்று. மருந்துப் புகை பிடித்த பிறகு பிள்ளை தாயின் தோளில் தூங்கிவிட்டான். நாங்கள் திரும்பி வரும்போது விடியப்போகும் நேரம். மகன் மேசையில் கணிதப் புத்தகத்தின் மேல் தலைவைத்துத் தூங்கியிருந்தான்.

காலையில் அவன் வெள்ளவத்தை நிலையத்தில் ரயில் பிடித்துப் போனான். போகும்போது வாசலில் நின்று, "ரயிலில் இருக்க இடம் கிடைத்தால் அது கடவுளின் பராமரிப்பா அம்மா?" என்று கேட்டான், கிண்டலாகத்தான்.

"நின்றுகொண்டே போ" என்றேன். "யாராவது வயதானவர்கள் இருப்பார்கள்."